துடைப்பத்துக்கும் ஊசிக்கும் நடுவில்

(அம்பேத்கர் பிறந்த நாளை ஒட்டி, திருத்தணியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நம்ம பக்கம் ஆயா என்றால் பாட்டி. அப்பாவைப் பெத்தவளும் ஆயா, அம்மாவைப் பெத்தவளும் ஆயா. ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டால் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே ஆயா என்றால் பெட்பேன் எடுப்பவள், ரத்தம் துடைப்பவள், செத்தவர் உடம்பை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறவள். எனக்கு 19 வயது இருக்கும்போது 60 வயது நோயாளி என்னை ஆயா என்று கூப்பிட்டார். 9 வருஷம் அந்தப் பெயரோடுதான் இருந்தேன். அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஊர், பெயர் வேண்டாம். எந்த ஊரில் விசாரித்தாலும் இதே கதைதான் கிடைக்கும்.

என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர்கள், "நீங்க ஆயாவா இருந்து நர்ஸ் ஆனவங்க, உங்க சாதனையைச் சொல்லுங்க" என்றார்கள். நான் சாதனை சொல்ல வரவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மேலே வந்தேன். ஒருத்தி வந்ததைச் சாதனை என்று கைதட்டினால், மற்றவர்கள் வராததற்கு அவர்களே காரணம் என்று ஆகிவிடும். அது பொய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தது ஒரு அக்கா. நகரிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டில் தெலுங்கு, வார்டில் தமிழ். ஒரு ராத்திரி பிரசவ வார்டில் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நர்ஸ் வேறொரு நோயாளியிடம் இருந்தார். அக்கா துணி மாற்றப் போனவர், அரை மணிக்குள் இரண்டாவது துணியும் நனைந்திருப்பதைப் பார்த்தார். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கருப்பை சுருங்கி உருண்டையாகக் கெட்டியாக இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தது. "ஓடுடி, சிஸ்டரைக் கூப்பிடு" என்று என்னை விரட்டிவிட்டு அந்தம்மா பக்கத்திலேயே நின்றார். நர்ஸ் வந்தார், டாக்டர் வந்தார், அந்தத் தாய் பிழைத்தாள்.

மறுநாள் காலையில் அக்காவுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? "நீ எதுக்கு வயித்தைத் தொட்டே? உன் வேலை இன்னா? துடைக்கிறதுதானே?"

இதே ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டிக்கு நர்ஸ் வராத நாட்களில், "ஆயா, அந்த 4ஆம் நம்பருக்கு ஊசி போட்டுடு" என்று அதே அக்காவிடம் சொல்வார்கள். ஆள் இல்லாத ராத்திரியில் நர்ஸ், ஆள் இருக்கிற பகலில் ஆயா. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பயிற்சி இல்லாத கை ஊசி போடுவது தப்பு. அந்த ஊசியை வாங்கிக்கொள்கிற நோயாளியும் பெரும்பாலும் நம்ம சேரி ஜனங்கள்தான். நான் கேட்பது வேறு. அந்தக் கைக்கு வேலை தெரியும் என்று ராத்திரியில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பகலில் அந்தக் கைக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் கொடுக்க ஏன் மனசு வரவில்லை?

இங்கேதான் சாதி வருகிறது. நம் நாட்டில் மருத்துவ வேலையில் இரண்டு பாகம் உண்டு. மருந்து, நாடி, சுவடி ஒரு பாகம். ரத்தம், மலம், பிரசவத் தீட்டு, பிணம் இன்னொரு பாகம். கிராமத்தில் பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி. பல ஊர்களில் கொடி அறுத்ததும், தீட்டுத் துணி துவைத்ததும், நஞ்சு புதைத்ததும் நம் பெண்கள். பிள்ளை பிறக்கிறவரை அவள் கை வேண்டும், பிறந்த பிறகு அவள் திண்ணையில் உட்காரக்கூடாது.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஆஸ்பத்திரியில் 1909இல் நர்சிங் பள்ளி வந்தது, 1946இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. அந்தக் காலத்தில் மேல்சாதிக் குடும்பங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பவில்லை. அந்நிய ஆண் உடம்பைத் தொடுவது, எச்சில் எடுப்பது தீட்டு என்றார்கள். கிறித்துவர்களான ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பலர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். 1926இல் சென்னை மாகாணத்தில் நர்ஸ், தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. நோயாளிக்கு அது பாதுகாப்பு. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு ஒரு கோடும் விழுந்தது. காகிதம் உள்ளவள் கோட்டுக்கு மேலே, கை மட்டும் உள்ளவள் கோட்டுக்குக் கீழே. சம்பளமும் மரியாதையும் கூடக் கூட மேலே எல்லாச் சாதியும் வந்தது. நல்லது, வரட்டும். கீழே துடைப்பம் பிடிக்கிற இடத்துக்கு மட்டும் ஏன் எல்லாச் சாதியும் வரவில்லை?

இப்போது படிகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்ம ஊர் மலைக்கு 365 படி, வருஷத்துக்கு நாளுக்கு ஒன்று என்று சொல்வார்கள். ஏறுகிறவர் மூச்சு வாங்கினால் உட்கார்ந்து ஏறலாம், எந்தப் படியும் நடுவில் காணாமல் போவதில்லை. நர்சிங் படிப்புக்கும் படிகள் இருக்கின்றன. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏ.என்.எம். படிப்பு 2 வருஷம், பெண்களுக்கு மட்டும். முன்பு பத்தாவது போதும், 18 மாதம். இப்போது பன்னிரண்டாவது வேண்டும், வயது 17 முதல் 35க்குள். அடுத்து ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ, 3 வருஷம். பன்னிரண்டாவதில் ஆங்கிலத்தோடு 40 சதவீத மதிப்பெண் வேண்டும், எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. வயது வரம்பு 35. ஆனால் ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேர வயது தடை இல்லை. ஜி.என்.எம். முடித்தால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருஷம். வேலையில் இருந்துகொண்டே அதைப் படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் வழி திறந்தது. அதற்கு மேல் எம்.எஸ்சி. நர்சிங்.

ஆக, ஏ.என்.எம்.இலிருந்து மேலே படிக்கு மேல் படி இருக்கிறது. கீழே பாருங்கள். துடைக்கிறவளுக்கும் ஏ.என்.எம்.க்கும் நடுவில் ஒரு படிகூட இல்லை. பெரிய பள்ளம்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆயா வேலைக்கு எட்டாவது போதும், பல இடங்களில் அதுவும் கேட்பதில்லை. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவதுக்கு வர, டியூட்டி பார்த்துக்கொண்டே இரண்டு பரீட்சை எழுத வேண்டும். அதைத் தாண்டினால், படிப்பு முழு நேரம். பகலில் வகுப்பு, வார்டில் பயிற்சி, வருகைப் பதிவு கட்டாயம். சம்பளம் கிடையாது. வீட்டில் உலை வைக்க யார் தருவார்கள்? 15 வருஷம் வார்டில் இருந்தவளுக்கும், நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்கும் முதல் நாள் ஒன்றுதான். 15 வருஷத்துக்கு ஒரு மார்க் கிடையாது. இதையெல்லாம் தாண்டுவதற்குள் 35 வயது போய்விடும்.

இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரிகளிலும் துப்புரவு வேலை ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போய்விட்டது. நிரந்தர ஊழியர் என்றால் பணிப் பதிவேடு இருக்கும், லீவு கேட்கலாம், பதவி உயர்வு கேட்கலாம். ஒப்பந்தக்காரரிடம் என்ன கேட்பது? 10 வருஷம் அந்த வார்டிலேயே வேலை பார்த்தாலும் ஆஸ்பத்திரிக் கணக்கில் அவள் இல்லை. வேலையும் தீண்டாமைக்குள், பெயரும் பதிவேட்டுக்கு வெளியே.

இந்தப் பள்ளத்தில் கடை விரித்தவர்களும் உண்டு. "ஆறு மாசத்தில் நர்சிங், ஒரு வருஷத்தில் நர்சிங், வேலை உறுதி" என்று போர்டு வைக்கிறார்கள். எங்கள் வார்டுக்கு ஒரு தங்கச்சி வந்தாள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து ஒரு வருஷப் படிப்பு படித்தவள். வெள்ளை கோட் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு மாதத்தில் அவள் கையிலும் பெட்பேன்தான். அந்தச் சான்றிதழுக்கு கவுன்சில் அங்கீகாரம் இல்லை. சம்பளம் என் சம்பளத்தைவிட முந்நூறு ரூபாய் கூட. அவ்வளவுதான். சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடிச்சா மாநில நர்சிங் கவுன்சில்ல பதிவு நம்பர் கிடைக்குமா?" நேராகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எப்படி வந்தேன்? 24 வயதில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். முதல் தடவை கணக்கில் போச்சு. அக்காதான் எனக்காக இரண்டு நைட் டியூட்டி சேர்த்துப் பார்த்தார். பத்தாவது படித்தாலே ஏ.என்.எம். சேரலாம் என்று இருந்த காலம் அது. இடம் கிடைத்தபோது எனக்கு 28. என் அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். பல வருஷம் கழித்து ஜி.என்.எம். படித்தேன். என் திறமை என்று இதில் எவ்வளவு? அம்மா உயிரோடு இருந்தார், அக்கா டியூட்டி பார்த்தார், விதி அன்றைக்கு பத்தாவதாக இருந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன்.

அந்த அக்கா ஏன் வரவில்லை? அவர் ஆந்திராவில் பத்தாவது பாஸ் செய்தவர். என்னைவிடப் படிப்பு கூட. இங்கேதான் நம்ம எல்லை ஊரின் கதை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைப் போராட்டத்தை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. அக்காவின் சாதி அந்தப் பக்கமும் பட்டியலில் இருக்கிறது, இந்தப் பக்கமும் இருக்கிறது. ஆனாலும் இங்கே இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அவருக்குச் சாதிச் சான்றிதழ் செல்லாது.

இது தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் கெட்ட புத்தி மட்டுமல்ல. 1990இல் உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தெனாலியில் பிறந்து, அப்பாவின் வேலைக்காகச் சிறு வயதில் பம்பாய் போன பழங்குடி மாணவர் அவர். மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். வேறு மாநிலத்தில் பிறந்தவர் இங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்றது தீர்ப்பு. 2018இல் பஞ்சாபில் பிறந்து உத்தரகாண்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு வால்மீகிப் பெண்ணுக்கும் அதே பதில்தான். அந்தச் சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தும் பயனில்லை. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு என்பது நீதிமன்றத்தின் வாதம். நகரிக்கும் திருத்தணிக்கும் பஸ்ஸில் எவ்வளவு நேரம்? இந்த இடைவெளியில் சேரி மாறிவிடுகிறதா? கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்டானா? அக்காவின் பிள்ளைகளுக்கு அப்பா வழியில் இங்கே சான்றிதழ் உண்டு. அக்காவுக்கு இல்லை. அவர் கடைசிவரை துடைப்பத்தோடுதான் இருந்தார்.

பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாபாசாகேப் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்தபோது வாதாடிப் பெற்றதுதான், 1944இல் தொடங்கிய பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2012இல் வந்த அரசாணை 92, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை ஏற்றது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு 2018இல் அதை வெட்டினார்கள். ஆகவே எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறோம் என்று பார்த்துச் சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. இதெல்லாம் மகளுக்கு. நல்லதுதான். ஆனால் "உன் மகளைப் படிக்க வை, நீ துடைச்சுக்கினு இரு" என்பது ஒரு தலைமுறையை எழுதித் தள்ளிவிடுகிற கணக்கு. 32 வயதுக்காரி இன்னும் 25 வருஷம் உழைக்கப் போகிறவள்.

இது முடியாத காரியம் இல்லை. நம்ம மாநிலத்திலேயே, அங்கன்வாடி ஊழியர்களில் தகுதி உள்ளவர்களைத் தேர்ந்து, அரசே ஏ.என்.எம். பயிற்சி கொடுத்து, கிராம சுகாதார செவிலியர் ஆக்கிய வழி இருந்திருக்கிறது. அங்கன்வாடிக்குப் படி கட்டத் தெரிந்த அரசுக்கு ஆஸ்பத்திரிக்குள் கட்டத் தெரியாதா?

வெளிநாட்டில் இதைப் போராடி வாங்கியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் நகரம். 1969 மார்ச்சில் 400க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் கறுப்புப் பெண்கள். மணிக்கு 1 டாலர் 30 சென்ட் கூலி. அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேரி மோல்ட்ரி நியூயார்க்கில் நர்ஸாக வேலை பார்த்தவர். சொந்த ஊருக்கு வந்தபோது அவர் சான்றிதழை ஏற்காமல் உதவியாளர் வேலைதான் கொடுத்தார்கள். நம்ம அக்கா கதை மாதிரி இல்லையா? கணவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு ஆகியிருந்த நிலையில் கொரெட்டா கிங் வந்து அவர்களோடு ஊர்வலம் போனார். துப்பாக்கியோடு படை வந்தது. 100 நாட்களுக்கு மேல் நின்றார்கள். வேலை நீக்கப்பட்ட 12 பேரையும் திரும்ப எடுக்க வைத்தார்கள், கூலியை உயர்த்த வைத்தார்கள்.

அவர்களுக்குத் துணை நின்ற 1199 என்கிற ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்தின் பிலடெல்பியா கிளை, 1974இல் ஒரு ஏற்பாட்டை ஒப்பந்தமாக வாங்கியது. ஆஸ்பத்திரி முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒன்றரை சதவீதத்தைத் தொழிலாளர் படிப்புக்கான நிதியாகக் கட்ட வேண்டும். துடைக்கிறவர், சமையல்காரர், உதவியாளர் எல்லாரும் அந்த நிதியில் எழுத்துக் கூட்டுவதிலிருந்து நர்சிங் வரை படிக்கலாம். யாரும் தர்மமாகக் கொடுக்கவில்லை. கூலியைப் போல அதையும் கேட்டு வாங்கினார்கள். நம்ம சங்கங்கள் கூலி கேட்கின்றன, நிரந்தரம் கேட்கின்றன. படிப்பைக் கேட்டதுண்டா?

நாம் கேட்க வேண்டியது இவை. ஒன்று, அரசு ஏ.என்.எம்., ஜி.என்.எம். பள்ளிகளில் ஆஸ்பத்திரி அடிமட்டத் தொழிலாளர்களுக்குத் தனி இடம். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. இரண்டு, படிக்கும் காலத்தில் சம்பளம். மூன்று, வேலை பார்த்த வருஷங்களை வயது வரம்பில் கழித்துக்கொள்ள வேண்டும். நான்கு, பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுத ஆஸ்பத்திரியிலேயே மாலை வகுப்பு. ஐந்து, எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்ட தலித் பெண்ணின் சாதிச் சான்றிதழை, குறைந்தது எல்லை மாவட்டங்களிலாவது ஏற்கச் சட்டத் திருத்தம். நர்சிங், தாதியர் ஆணையத்துக்கு 2023இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டிருக்கிறது. விதிகள் பற்றிப் பேசும் இடங்களில் நம் குரலும் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மேலே போனால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2015இல் தமிழக அரசு ஒப்பந்த முறையில் எடுத்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். சீருடை மாறியதே தவிர ஒப்பந்தம் மாறவில்லை. ஆகவே நர்ஸ் போராட்டமும் ஆயா போராட்டமும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். அடுத்தது, நான் நர்ஸ் ஆன பிறகு ஒருநாள் அவசரத்தில் வயசான ஒரு அம்மாவை, "ஏய் ஆயா, இங்க வா" என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நாலு பேர் படியேறிவிட்டு, கீழே நிற்பவளைப் பார்த்து மூக்கைப் பிடித்தால், சாதியைத்தான் இன்னொரு மாடிக்கு எடுத்துப் போகிறோம். துடைக்கிற வேலைக்கும் கையுறை வேண்டும், நல்ல கூலி வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதை வேண்டும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். சுப்பிரமணிய சுவாமி அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று செப்டம்பர் 5க்கு மாலை போடுகிறோம். நீங்கள் வாரம் இரண்டு மாலை ஆசிரியராக வாருங்கள். ஆஸ்பத்திரிப் பெண்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தர வேண்டும். இங்கிலீஷ் என்றால் பயப்படுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். பி.பி., டிரிப், டிரெஸ்ஸிங், ஸ்டெரைல், லேபர், பிளீடிங் என்று நூறு சொல் அவர்கள் வாயில் இருக்கிறது. எழுத்துதான் தெரியாது. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண்களுக்கும் அது ஒன்றுதான்.

அக்காக்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் உட்காருவோம். பள்ளிக்கூட டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், எது இருக்கிறதோ எடுத்துக்கொண்டு வாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் வாருங்கள். தனித்தேர்வர் விண்ணப்பம் எழுதுவதிலிருந்து ஆரம்பிப்போம். நைட் டியூட்டி இருக்கிறவர்கள் யாரிடம் மாற்றிவிட்டு வரலாம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருத்தர் அப்படி மாற்றிப் பார்த்ததால்தான் இன்றைக்கு நான் இங்கே நிற்கிறேன்.

ஜெய் பீம்.